பூவரசன் பின்னிய மப்ளர்

பூவரசன் அந்த நூலைக் கெட்ட எண்ணத்தில் இழுக்கவில்லை. என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவன் அவன். தொங்குகிற நூலைக் கண்டால் கை சும்மா இருக்காது. பில் போடப் போகிற புடவையோ, பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையோ, பிசிறு தெரிந்தால் சுண்டி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒரு கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல மேடை ஏறினவன், மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தில் பிசிறு எடுக்கப் போய் ஒரு முழம் ஜரிகையைக் கையோடு கொண்டு வந்துவிட்டான். ஆல்பத்தில் அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் இவனை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குப் புதன்கிழமை காலை. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் நாற்காலிக் கைமேல் மப்ளர் கிடந்தது. மனைவி மணிமேகலை ஒன்பது நாளாகக் குரோஷா ஊசியால் போட்டது. விரல் தடிமனில் உல்லன் நூல். குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ என்று ஐந்து கலர். கலரை மட்டும் பூவரசனைக் கேட்டு வாங்கியிருந்தாள். டிசம்பரிலும் ஃபேன் ஓடுகிற திருச்சியில் மப்ளர் எதற்கு என்றால், அது அவள் தம்பி சரத்குமாருக்கு. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் லாரி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை டெல்லிக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான்.

மப்ளரின் முனையில் முழ நீளத்துக்கு நூல் தொங்கியது. தம்பிக்கு நீளம் போதுமா என்று யோசித்து, கடைசிக் கண்ணியை முடிச்சுப் போடாமல் ஊசியை மட்டும் உருவி வைத்திருந்தாள் மணிமேகலை. அது பூவரசனுக்குத் தெரியாது. அவன் அப்போது போனில் அந்தச் சரத்குமாரோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

“அடுத்த டெஸ்ட்டுக்கு எப்ப வர்ற மாப்ள?”

“வந்துரலாம் மாமா.”

“அதான், எப்ப?”

“டெல்லி லோடு ஒண்ணு இருக்கு. முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்.”

பூவரசன் நூலைச் சுண்டினான். வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். அதுவும் வந்தது. இவ்வளவு பதமாக வருகிற பிசிறை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

“மூணு தேதி போயிருச்சு மாப்ள.”

“தெரியும் மாமா. பாத்துக்கலாம்.”

ஒரு ‘பாத்துக்கலாம்’ என்றால் ஒரு வரிசை என்கிற மாதிரி மப்ளர் பிரிந்துகொண்டே போனது. போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது மடியில் ஐந்து கலரில் நூடுல்ஸ் குவிந்திருந்தது.

மணிமேகலை குளித்துவிட்டு வந்தாள். ஈரத் தலையில் கட்டிய துண்டோடு நின்று குவியலைப் பார்த்தாள்.

“எவ்வளவு போச்சு?”

“கொஞ்சம்தான்.” மிச்சமிருந்ததைத் தூக்கிக் காட்டினான். நான்கு வரிசை.

“அது இருக்கறது. நான் போனதக் கேட்டேன்.”

“நூல் தொங்கிச்சு மணி. பிசிறுன்னு நெனச்சேன்.”

“முப்பத்தாறு வரிசையும் பிசிறுன்னேவா நெனச்சீங்க?”

“சரத்துகிட்ட பேசிட்டிருந்தேன். கவனிக்கல” என்றான்.

அதுவரை உதட்டோரம் அடக்கியிருந்த சிரிப்பு அவள் முகத்திலிருந்து போய்விட்டது. “என்ன கேட்டீங்க?”

“எப்ப வர்றன்னு கேட்டேன். வேற என்ன கேப்பேன்?”

“அவன்கிட்ட கேக்காதீங்க.”

“ஏன்?”

“கேட்டா சரின்னுருவான்.”

சரி என்றால் நல்லதுதானே என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவள் துண்டை உதறிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மணிமேகலையின் இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வேறு கிட்னி பொருத்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னதும் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றவன் பூவரசன். அவனுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. ‘உங்க கிட்னி உங்களுக்கே வேணும் சார், பத்திரமா வெச்சுக்கங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று பெரிதாக எதுவும் கொடுக்காதவன், கொடுக்க நினைத்த ஒரே பொருளும் பழுதான ‘செகண்ட்ஸ்’ சரக்கு என்று திரும்பி வந்தது.

அப்புறம் சரத்குமார். ஆடி மாசம், ஆஸ்பத்திரி வராண்டாவில், யாரும் கேட்காமலே ‘அக்காவுக்கு நான் தர்றேன்’ என்றான். ரத்தப் பிரிவு சேர்ந்தது. முதல் சுற்று டெஸ்ட்டெல்லாம் முடிந்தது. இரண்டாம் சுற்றுக்குக் கொடுத்த மூன்று தேதிக்கும் அவன் வரவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இறந்தவர்களிடமிருந்து கிட்னி பெறுகிற அரசாங்க லிஸ்ட் ஒன்று இருக்கிறது. அதில் பேர் எழுதி வையுங்கள், வரிசை நகர வருஷக்கணக்கில் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். மணிமேகலை கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். “தம்பி தர்றேன்னு சொல்லியிருக்கான். அதுக்கு மேல போய் எழுதினா அவன நம்பலன்னு ஆயிராதா?” இதுதான் அவள் கட்சி. தம்பியும் வரவில்லை, லிஸ்ட்டிலும் பேர் இல்லை. நடுவில் ஐந்து மாசம் போய்விட்டது.

ஜவுளிக்கடையில் ‘வேணாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆளே கிடையாது. அறுபது புடவை பிரித்துப் போட்ட பிறகு, ‘ஒரு சுத்து பாத்துட்டு வர்றோம்’ என்பார்கள். ‘வாங்க, வாங்க’ என்று சிரிப்பான் பூவரசன். அவர்கள் படி இறங்குவதற்குள் புடவைகளை மடிக்கத் தொடங்கிவிடுவான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு முறைகூட அவன் கணிப்பு தப்பியதில்லை. மச்சினன் விஷயத்தில் மட்டும் மடிக்க மனசு வரவில்லை.

மத்தியானம் மணிமேகலை மிச்ச நான்கு வரிசையையும் பிரித்துவிட்டு, மறுபடி ஊசியை எடுத்தாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அவள் இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். குரோஷாவில் நூலைப் பிடித்துக் கொடுக்கிற கை அதுதான். செவ்வாய்க்கிழமை மெஷினில் கிடந்துவிட்டு வந்தால் வியாழன் வரை விரல்கள் மரத்திருக்கும். ஆறு கண்ணி போட்டாள். ஏழாவதில் நூல் நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. ஊசியைப் பூவரசன் பக்கம் நீட்டினாள்.

“பிரிச்சவங்களே போடுங்க.”

“எனக்கு என்ன தெரியும்?”

“துணியப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? அன்னைக்குக் கடைக்கு வந்த கல்யாண வீட்டு அம்மாகிட்ட மூணு மணி நேரம் பேசினீங்களே.”

கற்றுக்கொள்ள ஒரு வீடியோவும் இருந்தது. தடிமன் நூல், பெரிய ஊசி, ஒரே மணி நேரத்தில் கலர்ஃபுல் மப்ளர் என்று ஒரு அம்மாள் சிரித்தபடியே போட்டுக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு ஒரு மணி நேரம். பூவரசனுக்குப் பன்னிரண்டு கண்ணியில் அடிச் சங்கிலி போட்டு முடிக்கவே புதன்கிழமை போய்விட்டது. பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. கட்டைவிரல் தடிமன் இருந்த ஊசி நுழைய வேண்டிய ஓட்டையைத் தவிர எல்லா இடத்திலும் நுழைந்தது.

“நூலக் கழுத்த நெரிக்கற மாதிரி பிடிக்காதீங்க.”

“விட்டா ஓடிருது மணி.”

“ஓடட்டும். ஓடினாத்தான் பின்ன முடியும். ஊசில ஒரு சுத்து, உள்ள விட்டு இழுங்க. இப்ப ரெண்டு ரெண்டா கழட்டுங்க. ரெண்டுன்னேன், மூணு கழட்டறீங்க.”

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்து ஆறு வரிசை போட்டான். மனசுக்குள் லேசாகப் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, மனைவியோடு நூல் பையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். டயாலிசிஸ் அறையில் ஏ.சி. ஜில்லென்று ஓடியது. மணிமேகலை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போய்ச் சுற்றி வருவதைப் பார்க்காமலிருக்க, பூவரசனுக்கு இன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது. முக்காலியில் உட்கார்ந்து மாம்பழ மஞ்சளைத் தொடங்கினான்.

பக்கத்துப் படுக்கை காஜா மைதீன் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பாலக்கரையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நாலு வருஷமாக இந்த மெஷினுக்கு வருகிறவர்.

“என்ன பூவரசண்ணே, இங்கயே மில்லு தொறந்துட்டீங்களா?”

“மச்சினனுக்குப் பாய். டெல்லி போறான்.”

“கிட்னி தர்றேன்ன மச்சினனா?”

“ஆமா.”

“என் தம்பியும் தர்றேன்னான்.” காஜா மைதீன் கூரையைப் பார்த்துச் சொன்னார். “நாலு வருஷமா தர்றேங்கறான். நோம்புக்கு நோம்பு துபாய்லேருந்து போன் பண்ணி, கவலப்படாதண்ணே தர்றேம்பான். நான் கேக்கறத விட்டுட்டேன். பாவம், அவனும் எத்தன தடவதான் தர்றேன்னு சொல்லுவான்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பூவரசனும் சிரித்தான். சிரித்ததில் கண்ணி ஒன்று நழுவியது.

பத்தரை மணிக்கு டாக்டர் வந்தார். பூவரசன் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“டாக்டர், இப்படியே எத்தன நாளைக்குப் போகும்?”

“நல்லாத்தானே போயிட்டிருக்கு.”

“இல்ல டாக்டர், ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா?”

“அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க. டோனர் வர்றார்ல? வரட்டும், பாப்போம்.”

அவர் அடுத்த படுக்கைக்குப் போனார். டெஸ்ட்டுக்குத் தேதி குறிக்கிற பெண் அவர் பின்னாலேயே வந்து, பாசிட்டிவ்வா இருங்க சார் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் மப்ளரைத் தொட்டுப் பார்த்து, கியூட்டா இருக்கு என்றாள். அந்த அறையில் அன்று திட்டவட்டமாகச் சொல்லப்பட்ட ஒரே கருத்து அதுதான்.

மூன்றாவது மணி நேரத்தில் மணிமேகலையின் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு “காலு, காலு” என்றாள். நர்ஸ் ஓடி வந்து மெஷினில் எதையோ குறைத்தாள். இன்னொருத்தி பாதத்தைப் பிடித்து அழுத்தினாள். பூவரசன் ஊசியும் நூலுமாக நடுவில் நின்றான். “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்கள். தள்ளி நின்றான். இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார்கள். சுவர் வந்துவிட்டது. அதற்கு மேல் தள்ளி நிற்க இடமில்லாமல், கால் மணி நேரம் சுவரோடு சுவராக நின்றான்.

வலி அடங்கியதும் அவளுக்கு நடுக்கம் எடுத்தது. போர்வை போதவில்லை. பூவரசன் பாதி முடிந்த மப்ளரை, ஊசி தொங்கத் தொங்க, அவள் பாதத்தின் மேல் விரித்தான்.

“எடுங்க.”

“குளுருதுல்ல?”

“அவன் கழுத்துல போடறத என் கால்ல போடாதீங்க.”

“தம்பிதானே.”

“தம்பிதான். எடுங்க.”

எடுத்தான். அவள் தலையைத் திருப்பி மப்ளரை உற்றுப் பார்த்தாள்.

“எண்ணுங்க.”

எண்ணினான். பன்னிரண்டு கண்ணியில் தொடங்கியது எட்டாகியிருந்தது. நான்கு வரிசையில் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான் போல. ஒரு பக்கம் சாணுக்கு மேல் அகலம், மறு பக்கம் சாண்கூட இல்லை.

“பிரிச்சிட்டுப் போடட்டுமா?”

“பிரிக்கறதுல கெட்டிக்காரர்தான். இருக்கட்டும் விடுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியாது.” கண்ணை மூடிக்கொண்டாள். “இனிமேலாவது எட்ட விட்றாதீங்க.”

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கண்ணியில் நூலைக் கோர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டான். மேலே இன்னொரு முடிச்சு. அதற்கும் மேலே ஒன்று.

ஞாயிறு காலை கிளம்பும்போது மணிமேகலை வாசல்வரை வந்தாள்.

“கேக்க மாட்டீங்கல்ல?”

“மாட்டேன்.”

“சும்மா கொடுத்துட்டு வந்துருங்க.”

“கொடுத்துட்டு வந்துர்றேன்.”

மத்திய பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினான். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் பகல் பத்து உற்சவம் பார்க்கப் போகிற கூட்டம். காவிரிப் பாலத்தில் பஸ் நத்தையாக ஊர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டிக் கரையில் நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பூவரசன் இரண்டு கையையும் மப்ளர் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேலூர் ரோட்டில் சரத்குமாரின் வீடு. கதவைத் திறந்தது அவன் மனைவி சுபஸ்ரீ. பூவரசனின் மனசுக்குள் நடந்த வழக்கில் இதுவரை குற்றவாளி இவள்தான். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, புருஷனை ஆபரேஷனுக்கு அனுப்ப மனசு வருமா? அதுவும் நியாயம்தான் என்று வேறு தோன்றித் தொலைக்கும். அதனால் தீர்ப்பு எழுத முடியாமல் வழக்கு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

“வாங்கண்ணா. அண்ணி எப்படி இருக்காங்க?”

“இருக்கா. வெள்ளிக்கெழமை கால் கொஞ்சம் இழுத்துருச்சு.”

“சக்கரை இல்லாம காபி போடறேன்.”

குழந்தைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். சரத்குமார் குளித்துவிட்டு வந்தான். முப்பத்தைந்து வயசு, லாரி பானெட் மாதிரி மார்பு. பூவரசன் பையிலிருந்து மப்ளரை எடுத்து நீட்டினான். அவன் வாங்கிக் கழுத்தில் சுற்றிக் கண்ணாடி முன்னால் நின்றான். ஒரு முனை மார்பில் பாதியை மூடியது. மறுமுனை டை மாதிரி ஒல்லியாகத் தொங்கியது. சரத்குமார் அந்த ஒல்லி முனையைக் கையில் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“அக்கா கை ரொம்ப முடியலையா மாமா? இப்படிப் போடறவ இல்லையே.”

“அக்கா போட்டது நல்லாத்தான் இருந்துச்சு. அத நான் பிரிச்சுட்டேன். இது நான் போட்டது.”

சரத்குமார் அவனைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். சமையலறையிலிருந்து சுபஸ்ரீயின் சிரிப்பும் கேட்டது. “ஊசியெல்லாம் பிடிச்சீங்களா மாமா? கடையில தெரியுமா?” என்றான். பூவரசன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியதையும், காஜா மைதீன் மில்லு என்றதையும் சொன்னான். சுபஸ்ரீ காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். கொஞ்ச நேரம் அந்த வீடு நன்றாக இருந்தது. இப்படியே எழுந்து போய்விட்டால் கொடுத்த வாக்கும் மிஞ்சும் என்று பூவரசன் நினைத்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தும்விட்டான்.

“டெல்லி போயிட்டு வந்ததும் பாத்துக்கலாம் மாமா” என்றான் சரத்குமார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். பூவரசன் மறுபடி உட்கார்ந்தான்.

“மாப்ள, உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் உங்கக்கா அனுப்பிச்சா.”

சரத்குமார் மப்ளரைக் கழற்றி மடிக்கத் தொடங்கினான்.

“கேட்டா மனசில்லாட்டியும் நீ சரின்னுருவியாம். அவளுக்கு அதான் பயம். லிஸ்ட்ல பேர் எழுதச் சொன்னா அதுக்கும் மாட்டேங்கறா. எழுதினா உன்ன நம்பலன்னு ஆயிருமாம். அஞ்சு மாசம் போயிருச்சு. எழுதியிருந்தா வரிசையில அஞ்சு மாசம் முன்னால நின்னிருப்பா.” பூவரசனின் குரல் இறங்கியது. “நான் ஒண்ணும் வீரன் இல்ல மாப்ள. சுகர் இருக்குன்னு என்ன வேணாம்னப்ப, அழுதுகிட்டேதான் ஆஸ்பத்திரி கேன்டீன்ல ரெண்டு வடை தின்னேன். தப்பிச்சோம்னு ஒரு ஓரத்துல இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட அதச் சொல்லல.”

சுபஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ தரணும்னுதான் எனக்கு ஆச. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா முடியாதுன்னாலும் அது ஒரு பதிலு. அத வெச்சுகிட்டு நான் ஓடுவேன், ஆபீஸ்ல போய் நிப்பேன், ஏதாவது பண்ணுவேன். பாத்துக்கலாம்ங்கறத வெச்சுகிட்டு எனக்கு எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியல.”

சரத்குமார் மனைவியைப் பார்த்தான். “சுபா என்ன சொல்றான்னும்...”

“நான் ஒண்ணுமே சொல்லலண்ணா” என்றாள் சுபஸ்ரீ, பூவரசனிடம். “ஆடியிலயே சொல்லிட்டேன், உங்க அக்கா, உங்க இஷ்டம்னு. மூணு தேதிக்கும் நான்தான் காலைல எழுப்பிவிட்டேன். எழுந்து குளிச்சு, சட்டையெல்லாம் போட்டுகிட்டு, லாரி ஷெட்டுக்குப் போயிருவாரு.” புருஷன் பக்கம் திரும்பினாள். “அண்ணா கேக்கறாங்கல்ல. சொல்லுங்க.”

தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரில் கூவியபடி போனார். சத்தம் தெருக்கோடி வரை போய் மறைந்தது. சரத்குமார் மப்ளரை நான்காக மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். அவ்வளவு பெரிய மார்பு ஏறி இறங்குவதைப் பூவரசன் பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்று சொல்லிவிடுவானோ என்று ஆசையாக இருந்தது. சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில அக்காவ அந்த மெஷின்ல பாத்தப்ப நெஜமாவே தர்றேன்னுதான் சொன்னேன் மாமா” என்றான் சரத்குமார். “வெளில வந்து வண்டி எடுக்கறப்பவே பயம் பிடிச்சுகிச்சு. அது இன்னும் போகல.” நிமிர்ந்து பூவரசனின் முகத்தை நேராகப் பார்த்தான். ஆடி மாசத்துக்குப் பிறகு அவன் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“என்னால முடியாது மாமா. நான் தர மாட்டேன். அக்கா பேர லிஸ்ட்ல எழுதிருங்க.”